ஒம்பது ப்ரூஃப் பாத்தும் அச்சுக்குப் போகாத கட்டுரை: ஒரு நிகழ்வு ஆய்வு

செங்கோட்டைப் பக்கம் எங்க வாசகர் வட்டத்துல நடந்த விஷயம் இது. சம்பந்தப்பட்ட அக்காகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், பேரு மட்டும் வேண்டாம்னாங்க, அதனால யாரு பேரும் போடல. ஆண்டு மலர், கோயில் கொடை மலர், பழைய மாணவர் மலர்னு ஊருக்கு ஊரு யாராவது ஒருத்தர் ப்ரூஃப் கட்டோட (அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தப்பு பாக்க எடுக்கிற பிரிண்டுதான் ப்ரூஃப்) அலைஞ்சுகிட்டுதான் இருக்காங்க, அவங்களுக்கு உதவும்னு தோணிச்சு. இதுல நடந்த தப்புல பாதி என்னோடது, அதையும் சேத்தே சொல்லிர்றேன்.

பின்னணி

நாங்க மாசம் ஒரு இதழ் போடுறோம். எட்டுப் பக்கம், அதாவது அரை ஃபாரம், கருப்பு வெள்ளை, நடுவுல ஒரு பின். முன்னூறு பிரதி அடிச்சு டீக்கடை, சலூன், லைப்ரரி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு கடைன்னு வச்சிருவோம், விலை கிடையாது. தொகுக்கிறது நான். பெரிய வேலைன்னு நெனைக்காதீங்க, ஆளாளுக்கு போனைப் போட்டு "என்னாச்சு, எப்ப தாறீங்க"ன்னு கேக்குறதுதான் அது. டைப்பிங், லேஅவுட் எல்லாம் டிடிபி கடைத் தம்பி பாத்துக்கிடுவான். ரிட்டயர் ஆன தமிழாசிரியர் ஒருத்தர் இருக்கார், எங்க எல்லாருக்கும் அவர் ஐயா.

அக்கா சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, ஊர்ல 'ஆர்கனைசர் அக்கா'ன்னு சொன்னாதான் தெரியும். பொறந்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல தென்மலை கிட்ட ஒரு எஸ்டேட் லயத்துல, அதாவது தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீட்ல. அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டுற வேலை. ஏழாங்கிளாஸ் வரைக்கும் மலையாள மீடியம், அப்புறம் புளியரைப் பக்கம் பாட்டி வீட்டுக்கு வந்து எட்டாவதுல இருந்து தமிழ். இங்க பார்டர்ல இது அதிசயம் ஒண்ணும் இல்ல, செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த ஊருதான், எங்க தெருவுல பாதி வீட்ல ஒரு மாமாவோ சித்தியோ புனலூர்லயோ கொல்லத்துலயோ இருப்பாங்க.

அக்கா எழுத எடுத்தது பழைய மீட்டர் கேஜ் ரயிலைப் பத்தி. 1904-ல வந்த ரூட்டு, செங்கோட்டையில கிளம்பி பகவதிபுரம் தாண்டி குகைக்குள்ள நொழைஞ்சு ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, எடமண், புனலூர்னு போகும். 2010-ல அகலப்பாதைக்காக நிப்பாட்டினாங்க, 2018-ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது. லீவுக்கு லீவு அந்த ரயில்ல அப்பா கூட மலை ஏறி இறங்கின பிள்ளை அக்கா. மேட்டுல பின்னாடியும் ஒரு எஞ்சின் மாட்டித் தள்ளுறது, கழுதுருட்டியில பதிமூணு கண் பாலத்து மேல போகும்போது கீழ ரோட்ல பஸ்சு தீப்பெட்டி மாதிரி தெரியுறது இதெல்லாம் அவங்க வாயால சொல்லிக் கேக்கணும், டீ ஆறிப்போகும். அதை எழுதிக் குடுங்கக்கான்னு ரெண்டு வருஷம் நான்தான் நச்சரிச்சேன். ஒருவழியா போன வருஷம் ஜூன்ல, சாரல் ஆரம்பிச்ச வாரம், நாப்பது பக்க நோட்டு ஒண்ணுல எழுதிக் கொண்டாந்து குடுத்தாங்க. ஜூலை இதழ்ல போடுறதா பேச்சு.

என்ன பாத்தோம்

ஜூலையில வரல. ஆகஸ்ட்ல வரல. செப்டம்பர் நடுவுல அக்கா கையில ஒம்பதாவது ப்ரூஃப் இருந்துச்சு.

தம்பி ஒவ்வொரு தடவையும் பிரிண்ட் எடுத்துக் குடுப்பான், அக்கா ரெண்டு நாள் வச்சிருந்து ஊதா மையில கோடு கோடா போட்டுத் திருப்பிக் குடுப்பாங்க, அவன் திருத்துவான், மறுபடி பிரிண்டு. கடை வேலைக்கு நடுவுல காசு வாங்காம செய்யிறவன், ஒருநாள் என்கிட்ட "அண்ணே, இதுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை ஆல்பமே அடிச்சிருவேன்"னான். அன்னைக்குத்தான் ஒம்பதையும் வாங்கி வரிசையா தரையில பரப்பி வச்சுப் பாத்தேன். இதை முன்னாடியே பண்ணியிருக்கணும்.

முதல் ப்ரூஃப்ல முப்பத்தெட்டு திருத்தம், எல்லாமே சரியான திருத்தம். அதுல பாதி தம்பி வாய்ஸ் டைப்பிங்ல ஏத்தினதால வந்தது, தென்மலைய 'தென்மழை'ன்னும் அலை அலையான்னு இருந்ததை 'அழை அழையா'ன்னும் அது போட்டு வச்சிருந்துச்சு. ரெண்டாவதுல பதினொண்ணு. மூணாவதுல நாலு. அதோட விஷயம் முடிஞ்சிருக்கணும். நாலாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும் மொத்தம் அம்பத்தேழு எடத்துல கை வச்சிருந்தாங்க, உக்காந்து எண்ணினேன், அதுல நெசமான தப்பு ரெண்டே ரெண்டு. மிச்சமெல்லாம் மாத்தினதைத் திரும்ப மாத்தினது.

ஒரு வார்த்தையை மட்டும் சொல்றேன். குகைக்குள்ள ரயில் நொழையும்போது ஜன்னல் ஷட்டரை இறக்குவாங்கன்னு ஒரு வரி. மொத ப்ரூஃப்ல 'ஜன்னல்'. நாலாவதுல 'சன்னல்'. அஞ்சுல 'சாளரம்', ரயில் பெட்டிக்குச் சாளரம்! ஆறுல மறுபடி 'சன்னல்', ஏழுல அடிச்சிட்டு மேல 'ஜன்னல்'னு எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி, எட்டுல அந்த வரியையே சுழிச்சு 'ஷட்டரை இறக்கினார்கள்' மட்டும், ஒம்பதுல ஜன்னல் திரும்ப வந்து உக்காந்திருந்துச்சு. மூணு மாசம் ஊர் சுத்திட்டு பொறந்த வீட்டுக்கே வந்துருச்சு.

இன்னொண்ணும் கவனிச்சேன். கடைசி ஆறு ப்ரூஃப்ல புதுசா மூணு தப்பு பொறந்திருக்கு. வார்த்தையை மாத்தினா அதுக்கு அடுத்த வார்த்தை முன்ன இருந்ததுக்குப் பொருத்தமா நின்னுகிட்டு இருக்கும், ஒற்று அநாதையா தொங்கும். 'சாளரத்தைச் சாத்தி'ன்னு இருந்தது 'ஜன்னலைச் இறக்கி'ன்னு ஆயிருந்துச்சு, ச் மட்டும் போக மனசில்லாம நிக்குது. ப்ரூஃப் பாத்துப் பழகினவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான், கைவச்ச எடத்துலதான் அடுத்த தப்பு வரும்.

அக்கா சோம்பேறி இல்ல, பயந்தாங்கொள்ளியும் இல்ல, முன்னூறு பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கா சோறு போட்டு கணக்கு டேலி பண்ணினவங்க. கேட்டா ஒரே பதில்: "ஒரு குடம் பாலு தம்பி. ஒரு துளி விழுந்தாப் போதும்லா."

முதல் முடிவு: தேதி குறிச்சது

செப்டம்பர் 20-க்குள்ள குடுத்திருங்க, அதுக்கு மேல தொடக்கூடாதுன்னு சொன்னேன். காரணம் எளிசு, கெடு வச்சா ஆளு முடிச்சிருவாங்கன்னு எல்லாரும் நெனைக்கிறதுதான். பில்லு கட்டுறதுக்குக் கெடு வைக்கலாம். மனசுல பயத்தோட இருக்கிறவங்களுக்குக் கெடு வச்சா அந்தப் பயம் ரெட்டிப்பாவும், அது அன்னைக்கு எனக்கு உறைக்கல.

19-ஆம் தேதி ராத்திரி போன் பண்ணி, "இந்த மாசமும் வேண்டாம் தம்பி, நான் அதை எடுத்துக்கிடுதேன், வேற யாருதாவது போட்டுக்கோங்க"ன்னுட்டாங்க. குரல்ல கோவம் இல்ல, ஒரு நிம்மதி இருந்துச்சு. அதைக் கேட்டதுதான் எனக்கு எரிச்சலாப் போச்சு.

ரெண்டாவது முடிவு: கேக்காம அடிச்சது

இதை நியாயப்படுத்த மாட்டேன். ஒம்பதாவது ப்ரூஃப் கடையில கம்ப்யூட்டர்ல இருக்கு, கட்டுரை நல்லா இருக்கு, அச்சுல பாத்தா அக்காவே சந்தோசப்படுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு அக்டோபர் இதழ்ல போடச் சொல்லிட்டேன். தம்பி போன்ல, "அண்ணே கடைசிப் பக்கத்துல நாலு வரி தள்ளுது"ன்னான். நான் பஸ்ல நின்னுகிட்டே கடைசிப் பாராவைச் சுருக்கி வாயாலயே சொன்னேன், அவன் அடிச்சான். ரெண்டு பேரும் படிச்சுப் பாக்கல.

அச்சாகி வந்துச்சு: "2018-ல் நின்றுபோன ரயில் 2010-ல் அகலப்பாதையில் திரும்ப வந்தது."

டீக்கடையில ஒருத்தர், "என்ன அண்ணாச்சி, ரயிலு ரிவர்ஸ்லயா வந்துச்சு?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்ச மாதிரி பண்ணிக்கிட்டேன்.

சாயங்காலம் அக்கா டிடிபி கடைக்கு வந்தாங்க. சத்தம் போடல. அரிசி வாங்குற கட்டப்பைக்குள்ள இருந்து ஒம்பது ப்ரூஃபையும் எடுத்து கவுண்டர் மேல வச்சு, ஒம்பதாவதோட கடைசிப் பக்கத்தைத் திருப்பி வெரலை வச்சுக் காட்டினாங்க. ரெண்டு வருஷமும் சரியா இருந்துச்சு. ஒம்பது ப்ரூஃப்லயும் சரியாத்தான் இருந்துச்சு. "இதுல தப்பு இல்லையே தம்பி"ன்னாங்க, அவ்ளோதான், பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மாசம் வாசகர் வட்டத்துப் பக்கம் வரல.

அந்த ரெண்டு மாசத்துல ஒண்ணு உறைச்சுது. அக்காவோட சந்தேகம் முழுக்க வீண்னு நான் எடுத்துக்கிட்டதுதான் தப்பு. வருஷம், பேரு, எண்ணிக்கை இதையெல்லாம் அவங்க பாத்த பார்வை சரியானது, அதே பார்வையை ஜன்னலுக்கும் குடுத்ததுதான் பிரச்சனை. எல்லாத் தப்பும் அவங்களுக்கு ஒரே சைசு. எனக்கோ எந்தத் தப்பும் கண்ணுலயே படல. ரெண்டு பேருல யாரு மோசம்னா நான்தான்.

கரும்பலகை

நவம்பர் கடைசியில ஐயாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், ஏத்துக்கிட்டாங்களா இல்லையான்னு தெரியாத மாதிரி ஒரு தலையாட்டல், காப்பி வந்துச்சு.

ஐயா ஒம்பது ப்ரூஃபையும் கேட்டு வாங்கி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அரைமணி நேரம் பாத்தார். பாத்துட்டு, "எம்மா, நீ ஒம்பதுலயும் ரகரம் றகரம் ஒண்ணுகூட மாத்தி எழுதல. நம்ம ஊர்க்காரன் எவன் எழுதினாலும் பக்கத்துக்கு நாலு இருக்கும். உனக்கு வந்த தப்பெல்லாம் ந-வும் ன-வும்தான்"ன்னார். விளக்கமும் சொன்னார். மலையாளத்துல சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் தனித்தனி எழுத்து, வாயிலயும் தனித்தனி சத்தம், சின்ன வயசுல பழகினதால அது தப்பவே தப்பாது. ஆனா ந, ன ரெண்டுக்கும் அங்க ஒரே எழுத்து, சத்தம் மட்டும்தான் எடத்துக்கு எடம் மாறும். அதனால தமிழ் எழுதும்போது கை தன்னால வார்த்தை நடுவுல 'ந' போட்டுரும். புத்தியில குறை இல்ல, கை பழகின விதம் அப்படின்னார்.

அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம்தான் கரும்பலகைக் கதை வந்துச்சு. வேலைக்குச் சேந்த புதுசு. சாப்பாட்டு நேரத்துல பிள்ளைகள் தள்ளுமுள்ளு பண்ணுதுன்னு சத்துணவுக் கூடத்துக்கு வெளிய இருந்த போர்டுல 'குழந்தைகள் அநைவரும் வரிசையில் நிற்கவும்'னு எழுதியிருக்காங்க. மேல அதிகாரத்துல இருந்த ஒருத்தர் வந்தார், செவப்புச் சாக்பீஸ்ல அந்த 'ந'-வை மட்டும் வட்டம் போட்டார், ஒரு வார்த்தை பேசாம போயிட்டார். ஒரு வாரம் அந்த வட்டம் அப்படியே இருந்துச்சு. பிள்ளைகள் தட்டோட வரிசையில நின்னுகிட்டே அதை வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சிருக்கு. "நானே அழிச்சிருக்கலாம் தம்பி. டஸ்டர் கையிலதான் இருந்தது. கை போகல."

இத்தனை வருஷம் கழிச்சும் எனக்கு அந்த வட்டம் கண்ணுக்குள்ளயே நிக்குன்னாங்க. நாங்க ஒம்பது ப்ரூஃப் எடுத்துக் குடுத்தோம், அவங்க ஒவ்வொண்ணுலயும் செவப்பு வட்டத்தைத்தான் தேடியிருக்காங்க.

ஐயா ஆறுதலா ஒரு கதை சொன்னார். உ.வே.சாமிநாதையர் 1887-ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சார், 1907-ல ரெண்டாம் பதிப்பு திருத்தத்தோட வந்துச்சு, மொதல்ல போட்டாத்தானே பொறவு திருத்த முடியும், பழைய புஸ்தகங்கள்ல 'பிழை திருத்தம்'னு தனியா ஒரு பக்கமே இருக்கும், யாரும் அதுக்காகப் புஸ்தகத்தைத் தூக்கிப் போடலன்னு. கையோட ஒரு பழைய புஸ்தகமும் கொண்டாந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். அக்கா மரியாதையா கேட்டுட்டு, "அவரு உ.வே.சா. ஐயா. நான் ஆர்கனைசரு"ன்னாங்க. ஐயாகிட்ட அதுக்குப் பதில் இல்ல.

உண்மையில வேலை செஞ்சது வேற. கிளம்புற நேரத்துல ஐயா சும்மா கேட்டார்: "டிசம்பர் இதழ்ல மத்தவங்க எழுதினதுல ர, ற மட்டும் பாத்துக் குடுப்பியா? எனக்குக் கண்ணு செரியில்ல." அக்கா உடனே சரின்னுட்டாங்க.

மாத்தின முறை

டிசம்பர் இதழ்ல மத்தவங்க கட்டுரை நாலு. அக்கா பத்தொம்பது எடம் கண்டுபிடிச்சாங்க, அதுல அஞ்சு என்னோடது, 'அரை'யும் 'அறை'யும் உட்பட. அந்த பத்தொம்பதுல எது கட்டாயம் திருத்தணும் எது இருந்தாலும் பரவாயில்லன்னு நீங்களே பிரிச்சுத் தாங்கக்கான்னேன். மத்தவங்க எழுத்துங்கிறதால ஒரு நிமிஷத்துல பிரிச்சுட்டாங்க. இதே பிரிப்பை உங்க கட்டுரைக்கும் வச்சுக்கலாமான்னு அப்ப கேட்டேன்.

பேசி ஒத்துக்கிட்டது இதுதான். பேரு, வருஷம், எண்ணிக்கை, உறவுமுறை, இருக்காரா இறந்துட்டாரா, போன் நம்பர், இதெல்லாம் செவப்பு மை. அந்தச் செவப்பு மையை அக்காவேதான் கேட்டு வாங்கினாங்க, ஏன்னு நான் கேக்கல. இதுல சந்தேகம் இருந்தா அச்சுக்குப் போகாது, எவ்ளோ நாள் ஆனாலும் சரி. எழுத்துப்பிழை, ஒற்று, ஊதா மை; ரெண்டு ப்ரூஃப், அதோட நிறுத்தம். ஜன்னலா சன்னலாங்கிறது பென்சில். நோட்டுல இருக்கும்போது எவ்ளோ வேணாலும் மாத்தலாம், டைப் ஆனதுக்கு அப்புறம் பென்சிலைத் தொடக்கூடாது. ந, ன மட்டும் அக்கா பாக்கவே வேண்டாம், அதை ஐயாவும் தம்பியும் பாப்பாங்க. திருத்தம் ஏத்தினதும் மொத்தத்தையும் திரும்ப வாசிக்கிறது கிடையாது, திருத்தின வரி, அதுக்கு மேல ஒரு வரி, கீழ ஒரு வரி மட்டும். தலைப்பையும் படத்துக்குக் கீழ வர்றதையும் தனியா ஒரு ஆள் பாக்கணும், பெரிய எழுத்துல இருக்கிற தப்பு யாரு கண்ணுலயும் படாது, எங்க இதழ்லயே ஒருதரம் முகப்புல மாசத்துப் பேரே தப்பா வந்திருக்கு. பக்கம் தள்ளுதுன்னு கடைசி நேரத்துல சுருக்கினா எழுதினவங்க பாக்காம போகக்கூடாது. இது எனக்காகப் போட்ட ரூலு.

இன்னொண்ணு ஐயா சொன்னது, அதைத்தான் நான் பெருசா நெனைக்கிறேன். எழுதினவங்க கையில பேப்பர் இல்லாம, வேற ஒருத்தர் சத்தமா வாசிக்க, கேக்கணும். நம்ம எழுதினதை நாமளே பாத்தா பேப்பர்ல இருக்கிறதைக் கண்ணு வாசிக்காது, மனசுல இருக்கிறதைத்தான் வாசிக்கும். காதுக்கு அந்த வித்தை தெரியாது.

அடுத்த தெருவுல பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒண்ணு வந்து வாசிச்சுது. அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஜன்னல் வந்துச்சு, போயிருச்சு, அசையல. 'ஷட்டரை இறக்கினார்கள். குகை முழுக்க இருட்டு. பிறகு ஆரியங்காவு வந்தது'ன்னு பிள்ளை வாசிச்சதும், "நிறுத்து"ன்னாங்க. "அப்பாவ எங்க?"

எங்க யாருக்கும் புரியல. போயி நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. நோட்டுல இருக்கு: குகைக்குள்ள போகும்போது எஞ்சின் புகையோட கரி பறந்து வரும்னு அப்பா ரெண்டு உள்ளங்கையாலயும் அக்கா கண்ணைப் பொத்திக்கிடுவார், ரப்பர் பாலும் ஆசிட்டும் கலந்த அந்தக் கை வாசம் தீர்றதுக்குள்ள வெளிச்சம் வந்துரும். இந்த ரெண்டு வரியும் மூணாவது ப்ரூஃப்ல அடிபட்டிருக்கு. ஏன்னு பாத்தா ஓரத்துல அக்கா கையெழுத்து: 'கரித்தூள்? கரித்துகள்? கரிப்பொடி?' எது சரின்னு தெரியல, தப்பாப் போயிருமோன்னு வரியோட எடுத்துட்டாங்க. ஒம்பது ப்ரூஃப் பாத்ததுல கட்டுரையோட உசிரு எங்க போச்சுன்னு யாருக்குமே தெரியல. தரையில பரப்பி எண்ணின எனக்கும் தெரியல, நான் ஒவ்வொண்ணா உத்துப் பாத்தது நாலுல இருந்து ஒம்பது வரைக்கும்தான்.

'கரி'ன்னு மட்டும் போட்டு அந்த வரிகளைத் திரும்பச் சேத்தோம்.

அப்புறம் நடந்தது

ஜனவரி இதழ்ல அதே கட்டுரை முழுசா, வருஷம் ரெண்டும் சரியா, பக்கத்துல 'அக்டோபர் இதழில் ஆண்டுகள் இடம் மாறியது தொகுத்தவரின் பிழை'ன்னு என் பேரோட ஒரு கட்டம். ரெண்டே ப்ரூஃப். அதுக்கப்புறம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்னு அக்கா மூணு கட்டுரை குடுத்தாங்க. கொல்லத்துல இருந்து ஒரு பழைய ரயில்வேக்காரர், எங்க இதழ் எப்படி அவர் கைக்குப் போச்சோ, போன் பண்ணி அந்த உள்ளங்கையைப் பத்தி மட்டும் பத்து நிமிஷம் மலையாளத்துல பேசினாராம். அக்கா சொல்லும்போது வேற எதுவும் சொல்லல, "அவரு அப்பாவும் பொத்துவாராம்"ன்னாங்க.

எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்ல முடியாது. மார்ச் இதழ்ல பாலத்துப் படத்துக்குக் கீழ 'கழுதுருண்டி'ன்னு அச்சாயிருச்சு. படத்துக்குக் கீழ பாக்க வேண்டிய ஆளு நான். அக்கா அதைப் பாத்தது ராத்திரி பத்து மணிக்கு, எனக்குப் போன் வந்தது காலைல அஞ்சே முக்காலுக்கு, நடுவுல தூங்கலன்னு குரல்லயே தெரிஞ்சுது. "அழிக்க முடியாதுல்லா இனி"ன்னாங்க. முடியாதுக்கா, அடுத்த மாசம் திருத்தம் போடலாம்னேன். அந்தத் திருத்தத்தை அவங்களே எழுதினாங்க, ரெண்டே வரி, அதையும் நாலு தரம் எழுதிப் பாத்திருக்காங்கன்னு கிழிஞ்ச தாள்ல தெரிஞ்சுது. ஆனா குடுத்துட்டாங்க. ஏப்ரல் கட்டுரைக்கு ரெண்டுன்னு சொன்ன ப்ரூஃப் மூணாச்சு, மூணாவதை தம்பி என்கிட்ட சொல்லாம எடுத்துக் குடுத்திருக்கான். மே மாசம் எதுவும் வரல, கேட்டதுக்கு பேத்திக்கு லீவுன்னாங்க, இருக்கலாம்.

ர, ற பாக்குற வேலையை இப்ப மொத்தமா அக்காதான் பாக்காங்க. அதுல ஒருநாளும் தேதி தவறினது இல்ல.

திரும்பப் பண்ணினா

மூணாவது ப்ரூஃப்லயே எண்ணிப் பாப்பேன், ஒம்பது வரைக்கும் போக விட மாட்டேன். திருத்தம் குறைஞ்சுகிட்டே வந்து ஒரு எடத்துல திரும்ப ஏற ஆரம்பிக்கும், அங்கதான் நிறுத்தணும். ஏறுற திருத்தம் எல்லாம் பயம். கெடு வைக்கிறதுக்கு முன்னாடி எதுக்குப் பயப்படுறாங்கன்னு கேப்பேன், அதுவும் போன்ல கேக்க மாட்டேன், வீட்டுக்குப் போயி கேப்பேன். அடிச்ச வரிகளை எல்லாம் தனியா ஒரு தாள்ல எழுதி வைக்கச் சொல்லுவேன், இதை இப்ப எல்லாருக்கும் சொல்றோம், போன மாசம் ஐயாவே அடிச்சுப் போட்ட ஒரு பாரா அப்படித்தான் திரும்ப வந்துச்சு. கேக்காம அச்சடிக்கிறது, அது எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது.

ஒண்ணுல மட்டும் எனக்கும் ஐயாவுக்கும் இன்னும் ஒத்துப்போகல. ந, ன-வை அக்கா பாக்க வேண்டாம்னு மத்தவங்க எடுத்துக்கிட்டது சரியா, அது அந்த வட்டத்தை இன்னும் பெருசாக்காதான்னு அவர் கேக்கார். எனக்கென்னவோ, ஒருத்தருக்கு வராததை இன்னொருத்தர் பாக்குறதுக்குத்தானே நாலு பேரு சேந்து ஒரு இதழ் போடுறது. அக்காகிட்டயே கேட்டோம். "எனக்கு அதுல ஒண்ணும் இல்ல, உங்களுக்கு ற வராதுல்லா"ன்னு சிரிச்சுட்டாங்க.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஜூன் இதழுக்கு அடுத்த கட்டுரை வந்துச்சு, லயத்துல ஓணமும் பொங்கலும் ஒண்ணா கொண்டாடினதைப் பத்தி. பஸ் ஸ்டாண்டுல வச்சுக் குடுத்துட்டு, மூணாம் பக்கத்துல ஒரு எடத்தைத் தொட்டுக் காட்டினாங்க. செவப்பு மையில ஒரு வருஷம், பக்கத்துல கேள்விக்குறி. "மதினிட்ட கேட்டுச் சொல்லுதேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் சொல்லலன்னா 'எனக்கு ஆறேழு வயசு இருக்கும்'னு போட்ரு தம்பி, அது எப்படிப் பாத்தாலும் சரிதான்"னு சொல்லிட்டு புளியரை பஸ்ல ஏறிட்டாங்க.